நோயுற்ற இளம் பிள்ளைகளுக்கு நம்பிக்கை எது?

திருவரங்கம் அரங்கநாதர் ஆலயத்தினுள் தன்வந்திரிக்கெனத் தனிச் சந்நிதி ஒன்று இருப்பதை அவ்வூரார் அனைவரும் அறிவர். அவ்வாலயத்தில் ஒரு காலத்தில் ஆரோக்கியசாலை ஒன்றும் நடைபெற்று வந்தது என்பதை அறிந்தோர் சிலரே. 13ஆம் நூற்றாண்டில், போசள மன்னர்களின் ஆட்சி இப்பகுதியில் நிலவியபோது அது நிறுவப்பட்டது; கருடவாகன பட்டர் என்பாரின் பொறுப்பில் விடப்பட்டது. பின்னர் நேர்ந்த படையெடுப்பில் சிதைந்துபோன அதனை, அதே மரபில் வந்த ஒருவர் புதுப்பித்ததை 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறுகிறது. அப்படையெடுப்பை நடத்தியோர் நம்முடைய பெயர்களைத் தாங்கியவர்கள் என்பதை மறைப்பதற்கில்லை. நோயாளி படுத்திருக்கும் இடத்தைச் சிதைப்பதற்கு மார்க்கத்தில் இடமில்லை என்பதை மட்டும் சொல்லி மேலே செல்வோம்.

ஏறத்தாழ அதே காலத்தில், 1284ஆம் ஆண்டில், எகிப்தின் கெய்ரோ நகரில் சுல்தான் கலாவூன் மாபெரும் மருத்துவமனை ஒன்றை எழுப்பினார். அவர் அரியணை ஏறுமுன் டமாஸ்கஸ் நகரில் நோயுற்றுக் கிடந்தபோது, அங்கிருந்த மருத்துவமனையின் மருந்தால் நலம் பெற்றார். அன்று செய்த நேர்ச்சையின்படியே இதனைக் கட்டினார் என்பர். உறக்கமின்றித் தவிக்கும் நோயாளிகளுக்குக் கதை சொல்வோரையும் இசை மீட்டுவோரையும் அங்கே அமர்த்தியிருந்தனராம். நலமடைந்து வெளியேறும் ஏழை உடனே கூலி வேலைக்கு ஓடாதிருக்கக் கையில் பணமும் கொடுத்தனுப்பினராம்.

நோயாளிக்கு மருந்து மட்டும் போதாது, 'நாளை எனக்கு என்ன?' என்னும் கேள்விக்கும் விடை வேண்டும் என்பதை அக்கால மக்கள் உணர்ந்திருந்தனர். அந்தக் கேள்வியை வேறெவரையும்விடக் கடுமையாகக் கேட்பவர்கள் யார் தெரியுமா? பதின்மூன்று முதல் பத்தொன்பது வயது வரையுள்ள நம் பிள்ளைகள்!

ஐந்து வயதுக் குழந்தை நோயுற்றால், தாயின் முகத்தைப் பார்த்துத்தான் தன் நோயை அளக்கிறது. தாய் சிரித்தால் அதுவும் சிரிக்கும். ஐம்பது வயதுக்காரர் நோயுற்றால் அவருக்கு வீடு இருக்கிறது, மக்கள் இருக்கிறார்கள், வாழ்ந்து முடித்த வாழ்வின் கணக்கு இருக்கிறது. இடைப்பட்ட பருவத்தில் உள்ள பிள்ளைக்கோ எல்லாமே இனிமேல்தான். படிப்பு, தொழில், திருமணம் யாவும் எதிரே நிற்கின்றன. அந்த வாசலில் கால் வைக்கும் நேரத்தில், 'இந்நோய் உன்னோடு வாழ்நாள் முழுதும் இருக்கும்' என்று மருத்துவர் கூறினால் அப்பிள்ளையின் உள்ளம் என்ன பாடுபடும் என்பதை வாசகர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இத்தகைய நோய்கள் பல. இருதய வால்வுக் கோளாறு, வலிப்பு, இரத்தம் உறையாமை, சிறுநீரகப் பிணி என அடுக்கலாம். நாம் இங்கு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். இளம் பருவத்தினரைத் தாக்கும் நீரிழிவு. மருத்துவர்கள் இதனை முதல் வகை நீரிழிவு என்பர். முதியோருக்கு வரும் சர்க்கரை நோய் வேறு, இது வேறு. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே தவறுதலாகக் கணையத்தின் அணுக்களை அழித்துவிடுகிறது. இன்சுலின் சுரப்பது நின்றுபோகிறது. இனிப்பு அதிகம் தின்றதால் வந்ததல்ல. பெற்றோர் செய்த பாவத்தால் வந்ததும் அல்ல. ஓயாத தாகமும், அடிக்கடி சிறுநீரும், காரணமின்றி இளைப்பும் கண்டால் அன்றே இரத்தத்தைச் சோதிக்க வேண்டும். இன்சுலின் ஊசியன்றி இந்நோயாளி உயிர்வாழ வழியில்லை. ஊசியை நிறுத்தினால் சில நாட்களிலேயே வாந்தியும் மூச்சிரைப்பும் மயக்கமும் வந்து உயிர் போய்விடும். இந்தியாவில் இருபது வயதுக்குட்பட்டோரில் 2 லட்சத்திற்கும் மேற்பட்டோர் இந்நோயுடன் வாழ்வதாக 2021ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கணக்கு ஒன்று கூறுகிறது. இவ்வயதினரில் இந்நோயாளிகள் மிகுதியாக உள்ள நாடு நம்முடையதே.

நூறு ஆண்டுகளுக்கு முன் இந்நோய்க்கு மருந்தே இல்லை. அமெரிக்காவின் ஆலன் என்னும் மருத்துவர் ஒரே வழியைக் கையாண்டார். அது பட்டினி! எலும்பும் தோலுமாக, நாளொன்றுக்குச் சில கவளங்களில் பிள்ளையை உயிருடன் நிறுத்தி வைப்பது. எலிசபெத் ஹியூஸ் என்னும் சிறுமி 1919ஆம் ஆண்டில், பதினோராம் வயதில், இச்சிகிச்சையில் சேர்க்கப்பட்டாள். அமெரிக்க வெளியுறவு அமைச்சராகத் திகழ்ந்தவரின் மகள் அவள். செல்வத்திற்குக் குறைவில்லை, உண்ணத்தான் வழியில்லை. மூன்றாண்டுகள் அவ்வாறே கழிந்தன. அவளது எடை ஏறத்தாழ 20 கிலோவுக்கு இறங்கிவிட்டது.

இதற்கிடையே கனடா நாட்டின் டொரான்டோவில் இன்சுலின் கண்டறியப்பட்டது. 1922ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள் லியோனார்ட் தாம்ஸன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. பயன் தரவில்லை, மருந்தில் தூய்மை போதவில்லை. மீண்டும் சுத்திகரித்தனர். 12 நாட்கள் கழித்து, 23ஆம் நாள், மறுபடியும் ஊசி போட்டனர். சிறுவன் எழுந்து உட்கார்ந்தான்! இன்னும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். எலிசபெத்துக்கு அதே ஆண்டு ஆகஸ்டில் இன்சுலின் கிடைத்தது. அவர் மணம் புரிந்து, மூன்று மக்களைப் பெற்று, ஏறத்தாழ 42,000 ஊசிகளைப் போட்டுக்கொண்டு, 1981ஆம் ஆண்டில் 73ஆம் வயதில் மறைந்தார். அம்மருந்தைக் கண்டறிந்தோர் அதன் உரிமையைத் தலைக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு பல்கலைக்கழகத்திற்கு எழுதிக் கொடுத்துவிட்டனர் என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

அந்த மூன்றாண்டுகளை நினைத்துப் பாருங்கள். மருந்து வரும் என்று அவளுக்கு எவரும் உறுதி கூறவில்லை. கூறியிருக்கவும் முடியாது. ஆயினும் அளந்து உண்டாள், எழுதினாள், படித்தாள், பெரியவளானால் என்ன செய்வேன் என்று திட்டமிட்டாள். அவளைப் போலவே பட்டினி கிடந்து, மருந்து வருமுன் மடிந்த பிள்ளைகளும் ஏராளம். நம்பிக்கை இருந்தால் எல்லோரும் பிழைத்துவிடுவர் என்று எழுதுவது எளிது. அது உண்மையன்று.

அப்படியானால் நம்பிக்கை என்பதுதான் என்ன?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா' என்னும் தம் பெருநூலில் இதனை விளக்க ஓர் உழவனை எடுத்துக்காட்டுகிறார்கள். நல்ல நிலத்தைத் தேர்ந்து, உழுது, தரமான விதையிட்டு, நீர் பாய்ச்சி, களை எடுத்து, அதன்பின் விளைச்சலை இறைவனிடம் எதிர்பார்ப்பவன் கொண்டிருப்பதே 'ரஜா', அதாவது நம்பிக்கை. நீரேறாத களர் நிலத்தில் விதைத்துவிட்டு, திரும்பியும் பாராமல் அறுவடைக்குக் காத்திருப்பவன் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்கிறான். காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே வாழும் மக்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. முக்கொம்பில் தண்ணீர் வந்துவிட்டது என்று கேட்டதும் உழவன் வீட்டில் படுத்து உறங்குவதில்லை அல்லவா?

வியப்பு என்னவெனில், கான்ஸாஸ் பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர் ஸ்னைடர் 1991ஆம் ஆண்டில் நம்பிக்கைக்கு அளித்த இலக்கணமும் இதனை ஒட்டியதே. அடைய விரும்பும் குறி ஒன்று. அதற்குச் செல்லும் வழிகள். அவ்வழியில் நடக்க என்னால் முடியும் என்னும் உறுதி. இவை சேர்ந்ததே நம்பிக்கை என்றார் அவர். 'எல்லாம் நல்லபடியாக முடியும்' என்று வாளா இருப்பதை அவர் அப்பெயரால் அழைக்கவில்லை.

நபி அய்யூப் (அலை) அவர்களின் வரலாற்றை நாம் மேடைதோறும் கூறுகிறோம். நெடுங்காலம் பிணியில் கிடந்தும் பொறுமை காத்தார்கள் என்கிறோம். உண்மையே. ஆனால் அவ்வரலாற்றின் இரு செய்திகளை விட்டுவிடுகிறோம். அவர்கள் தம் துன்பத்தை இறைவனிடம் வாய்விட்டு முறையிட்டார்கள். பொறுமை என்பது வாய்மூடி இருப்பதன்று. அடுத்து, நலம் அருளப்பட்டபோதும் அவர்கள் தம் காலால் நிலத்தில் அடிக்குமாறு பணிக்கப்பட்டார்கள். அங்கே நீரூற்று பொங்கியது. அற்புதம் நிகழவிருந்த நேரத்திலும் நோயாளி தம் காலை அசைக்க வேண்டியிருந்தது!

இனி நம் ஊர் நிலையைப் பார்ப்போம். இப்பிள்ளைகளின் நம்பிக்கையைக் கெடுப்போர் இருவகையினர். முதல் வகையினர் குணமாக்குவோம் என்று வாக்களிப்பவர்கள். 'ஒரு மண்டலத்தில் சர்க்கரை நோய் அடியோடு நீங்கும்' என்று சுவரொட்டி ஒட்டுவோர், வேர்ப்பொடி விற்போர், தாயத்து எழுதுவோர் எல்லாம் இதில் அடக்கம். 1954ஆம் ஆண்டிலேயே இத்தகைய விளம்பரங்களைத் தடுக்கும் சட்டம் நம் நாட்டில் வந்துவிட்டது. நீரிழிவைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வது அச்சட்டப்படி குற்றம். தாயத்தையும் மந்திரக் கவசத்தையும் மருந்தெனக் கூறி விளம்பரம் செய்வதும் அதில் அடங்கும். சட்டம் ஏட்டில் இருக்கிறது. சுவரொட்டி சுவரில் இருக்கிறது!

இவர்களில் சிலர் நபிமொழியையே துணைக்கு அழைக்கின்றனர். எந்நோய்க்கும் இறைவன் நிவாரணம் வைத்துள்ளான் என்று அண்ணலார் (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள்; எனவே எங்களிடம் வாருங்கள் என்பது இவர்கள் வாதம். நிவாரணம் உண்டு என்பது ஒன்று. அது இவருடைய புட்டியில்தான் உண்டு என்பது வேறொன்று. அந்த நபிமொழி மருத்துவம் செய்துகொள்ளுமாறு ஏவுகிறது. தேடு என்கிறது. தேடியவர்களுக்கு 1921ஆம் ஆண்டில் கிடைத்ததுதான் இன்சுலின். அதனைக் கைவிடச் சொல்பவர் அந்நபிமொழிக்கு எதிர்த்திசையில் நடக்கிறார். நத்ஹர் வலியுல்லாஹ் தர்காவுக்குப் பிள்ளையை அழைத்து வருவோர் உண்டு. அங்கே எல்லாச் சமயத்தாரும் வருகின்றனர். துஆ கேளுங்கள். யாரும் தடுக்கவில்லை. பையில் இன்சுலின் இருக்கட்டும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது பொறுப்புச் சாட்டுவதே தவக்குல் என்பதைச் சிறு மதரஸா மாணவனும் அறிவான்.

10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த மருத்துவ மேதை அர்ராஸி, மருத்துவர் தமக்கே உறுதியில்லாதபோதும் நோயாளிக்கு நலமாகும் என்னும் நம்பிக்கையை ஊட்ட வேண்டும் என்று கருதினார். உடல் உள்ளத்தைப் பின்பற்றும் என்பது அவர் காரணம். அம்மேதையை நாம் மதிக்கிறோம். சில நாள் காய்ச்சலில் கிடப்பவருக்கு அவர் சொன்னது பொருந்தும். வாழ்நாள் முழுதும் ஊசி போட வேண்டிய பிள்ளைக்குப் பொருந்தாது என்பது நம் கருத்து. 'இன்னும் ஆறு மாதத்தில் சரியாகிவிடும்' என்று அவனிடம் கூறினால் ஏழாம் மாதம் அவன் நம்மையும் நம்பமாட்டான், மருந்தையும் நம்பமாட்டான்.

இரண்டாம் வகையினர் பெரும்பாலும் அன்பு மிக்கவர்கள். பெற்றோரும் உற்றாருமே! இவர்கள் மறைக்கின்றனர். உறவினருக்குத் தெரியக்கூடாது, பள்ளிக்குத் தெரியக்கூடாது, பெண் பிள்ளையாயின் வரன் தேடும் நாளில் எவருக்கும் தெரியக்கூடாது. சென்ற ரமளானுக்குச் சில நாட்கள் முன்பு ஒரு தாய் தம் மகனை அழைத்து வந்தார். பதினாறு வயது. மூன்றாண்டுகளாக இன்சுலின் போடுகிறான். 'நோன்பு வைக்காதே என்று நீங்களாவது சொல்லுங்கள், ஹஜ்ரத். நான் சொன்னால் கேட்பதில்லை' என்றார் அத்தாய். நான் அவனைப் பார்த்து, 'நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறதே தம்பி, தெரியுமல்லவா?' என்றேன். 'தெரியும் ஹஜ்ரத்' என்றான். சற்று நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, 'பகலில் நான் சாப்பிட்டால் ஏன் என்று எல்லோரும் கேட்பார்கள். அத்தா யாரிடமும் சொல்லக்கூடாது என்றிருக்கிறார்கள்' என்றான்.

வாசகர்களே! அப்பிள்ளை நோன்பு வைக்கத் துடித்தது பக்தியால் மட்டுமன்று. நோயை மறைப்பதற்காக உயிரையே பணயம் வைக்க முன்வந்தான். இதற்கு அவன்மீது குற்றம் உண்டா?

மார்க்கச் சட்டம் இதில் தெளிவாகவே உள்ளது. நோன்பால் உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்து என்று நம்பகமான மருத்துவர் கூறினால், நோன்பை விடுவது குறையன்று. நீங்காத நோய் உடையவர் ஒவ்வொரு நோன்புக்கும் பகரமாக ஓர் ஏழைக்கு உணவளிப்பார். அவ்வளவே. முதல் வகை நீரிழிவுள்ள பிள்ளைகளில் மிகச் சிலருக்கு, கடுமையான கண்காணிப்புடன், மருத்துவர் அனுமதி தரக்கூடும். அது மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது, பிள்ளையின் வீம்போ தந்தையின் கௌரவமோ முடிவு செய்ய வேண்டியதன்று. அவ்வாறு நோன்பிருப்போர் விரல் நுனியில் குத்திச் சர்க்கரையைச் சோதிப்பதால் நோன்பு முறிவதில்லை என்பது இக்கால உலமாக்களில் பெரும்பாலோரின் தீர்ப்பு. சர்க்கரை தாழ்ந்துவிட்டால் அந்நொடியே நோன்பை முறித்து இனிப்பு உண்ண வேண்டும். மஃரிபுக்குப் பத்து நிமிடமே இருந்தாலும் சரியே!

அந்தத் தந்தையிடமும் பின்னர் பேசினேன். அவர் கெட்டவரல்லர். மகனுக்கு நாளை பெண் கிடைக்காது என்று அஞ்சுகிறார். எலிசபெத் அம்மையாரும் தம் நோயை வாழ்நாளெல்லாம் மறைத்தே வாழ்ந்தார். அமைச்சரின் மகளுக்கே அந்த அச்சம் இருந்தது. எனினும் சொல்லவேண்டியதைச் சொன்னேன். திருமணப் பேச்சில் இத்தகைய நோயை மறைப்பது ஏமாற்றுதலாகும். அதைவிட உடனடியான ஆபத்து ஒன்று உண்டு. வகுப்பில் அவனுக்குத் தலைசுற்றிக் கை நடுங்கத் தொடங்கினால், இன்ன நோய் என்று அறியாத ஆசிரியர் என்ன செய்வார்? வாயில் சர்க்கரை வைக்க வேண்டிய நேரத்தில் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பார்.

மறைப்பதன் பெருந்தீங்கு இன்னும் ஆழமானது. 'உன்னை நீ இருக்கிறபடி உலகம் ஏற்காது' என்று பிள்ளைக்கு நாள்தோறும் கற்பிக்கிறோம். அவன் எந்த நாளையை நம்புவான்?

எனவே நாம் கூற விரும்புவது இதுவே. குணமாகும் என்னும் வாக்குறுதியை விட்டுவிடுங்கள். அது உங்கள் கையில் இல்லை. ஆராய்ச்சி நடக்கிறது, இறைவன் நாடினால் ஒருநாள் அதுவும் வரும். இன்சுலினுடனே படிக்கலாம், சம்பாதிக்கலாம், மணந்து மக்களைப் பெறலாம் என்பதை வாழ்ந்து காட்டியோர் பலர். அத்தகைய பெரியவர் ஒருவரைப் பிள்ளையின் கண்ணில் காட்டுங்கள். நூறு அறிவுரையைவிட அது மேல். கோவையில் 'இதயங்கள்' என்னும் அறக்கட்டளை இந்நோயுள்ள ஏழைப் பிள்ளைகளுக்கு இன்சுலினும் சோதனைக் கருவிகளும் அளித்து வருகிறது. திருச்சிராப்பள்ளியில் புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை இருக்கிறது. மருந்துக்கு வழியுண்டு.

ஊசியையும் அளவுக் குறிப்பேட்டையும் மெல்ல மெல்லப் பிள்ளையின் கையிலேயே ஒப்படையுங்கள். பருவமடைந்தவன்மீது தொழுகையையும் நோன்பையும் கடமையாக்கி, மறுமையில் கேள்வி கணக்குக்கு உரியவனாக மார்க்கம் அவனை மதிக்கிறது. தன் உடலைப் பேணும் பொறுப்பை மட்டும் அவனிடம் தர நாம் ஏன் அஞ்ச வேண்டும்? தாய் அருகில் இருந்து பார்த்துக்கொள்ளட்டும். தவறும் நாட்களும் வரும். அன்று ஏசாதீர்கள், ஏச்சுக்கு அஞ்சிய பிள்ளை குறிப்பேட்டில் பொய்க் கணக்கு எழுதும் என்று மருத்துவர்கள் கூறக் கேட்டிருக்கிறோம்.

பள்ளிகளுக்கும் ஒரு சொல். மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2017ஆம் ஆண்டில், நீரிழிவுள்ள மாணவர்கள் பொதுத்தேர்வுக் கூடத்திற்குள் சர்க்கரை மாத்திரையும் பழமும் சிற்றுண்டியும் தண்ணீரும் எடுத்துச் செல்ல அனுமதித்தது. ஒரு வாழைப்பழத்திற்கு அனுமதி என்பது சிறு செய்தியாகத் தோன்றும். தேர்வு நடுவே கை நடுங்கத் தொடங்கும் மாணவனுக்கு அது ஓராண்டுப் படிப்பு. தலைமையாசிரியர்கள் தங்கள் பள்ளித் தேர்வுகளிலும் இதனைக் கடைப்பிடிக்கலாம். எந்த ஆணைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

நம் ஜமாஅத்துகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பிரிக்காத இன்சுலின் புட்டிகளை 2 முதல் 8 பாகை வெப்பத்தில் வைத்துக் காக்க வேண்டும். பிரித்துப் பயன்படுத்துவதையும் கடுவெப்பத்தில் வைக்கக்கூடாது, வீரியம் குன்றும். கத்திரி வெயிலில் நம் திருச்சி எப்படிக் கொதிக்கும் என்பதைச் சொல்ல வேண்டுமா? ஓட்டு வீட்டிலும் தகரக் கூரையின் கீழும் வாழும் குடும்பங்களில் குளிர்பெட்டி இல்லை. ஈர மணலில் வைத்த மண்பானைக்குள் இன்சுலினைப் பாதுகாக்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள். அது ஓரளவே உதவும், கோடையில் போதாது. நம் பள்ளிவாசல்கள் பலவற்றில் குடிநீருக்கும், ரமளானில் நோன்பு திறக்கும் சர்பத்துக்கும் எனக் குளிர்பெட்டிகள் இருக்கின்றன. அவற்றில் ஒரு தட்டை இப்பிள்ளைகளுக்கென ஒதுக்கி, பெயர் எழுதிய டப்பாக்களில் மருந்தை வைத்துக்கொள்ள அனுமதிக்கலாம். உறைபனி அறையில் வைத்துவிடக்கூடாது. உறைந்த இன்சுலின் பயனற்றது என்பதை மோதினாருக்குச் சொல்லி வைக்க வேண்டும். எம்மதத்துப் பிள்ளையின் மருந்தானாலும் அத்தட்டில் இடம் இருக்கட்டும். பங்குனி பிறப்பதற்குள் முடிவு செய்தால் இவ்வாண்டுக் கோடைக்கே பயன்படும்.